இருநூற்றுப் பன்னிரண்டு வெங்காயப் பட்டறைகள்

மேலே இருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று சார்லஸ் சார் சொன்னார். அவர் எந்த ஊரையும் மேலே இருந்து பார்த்ததில்லை. மலைக்கோட்டைக்கு ஏறச் சொன்னால்கூட முழங்கால் வலி என்பார். ஆனாலும் எங்கள் கல்லூரியின் வரைபட வாரத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். பேரிடர் மேலாண்மைப் பாடம் எடுப்பவரும் அவர்தான். அந்தப் பாடத்தில் என் வருகைப்பதிவு ஐம்பத்தெட்டு சதவீதம் என்று கண்டுபிடித்தவரும் அவரேதான்.

எழுபத்தைந்து இல்லாவிட்டால் அந்தத் தேர்வை எழுத முடியாது. வகுப்பு தினமும் காலை எட்டு நாற்பதுக்கு. எட்டு நாற்பதுக்கு எழுந்து வருவதே பேரிடர், அதை எப்படி மேலாண்மை செய்வது என்று கேட்க நினைத்தேன். ஆனால் அவர் கையில் சிவப்புப் பேனா இருந்தது. தலையைக் குனிந்து நல்ல பிள்ளையாக நின்றேன்.

"ஏலே இனிகோ, ஒனக்கு ஒரு வழி இருக்கு," என்றார். "இந்த வாரம் ஆயிரம் கட்டடம் வரை. வரைஞ்சாப் போதாது, சரிபாக்குறவங்க ஒத்துக்கிட்டிருக்கணும். வெள்ளிக்கெழமை சாயந்தரம் நாலு மணிக்கு என் லிஸ்ட்டுல ஒன் பேருக்கு நேரா ஆயிரம் இருந்தா, சேவைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது இருந்துச்சுன்னா நவம்பர்ல வந்து எழுது."

"ஒண்ணுதான சார் கொறையும்?"

"எழுபத்தஞ்சுக்கு ஐம்பத்தெட்டுன்னா பதினேழு கொறையுதுன்னு சொல்லித்தான இங்க நிக்கிற?"

இப்படியாகத்தான் நான் மனிதகுலத்துக்குச் சேவை செய்ய வந்தேன்.

வேலை இதுதான். ஒரு நாட்டில் சண்டை. (நாட்டின் பெயரை எங்கள் வகுப்பில் முப்பது பேரும் முப்பது விதமாகச் சொன்னோம், ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.) வீட்டை விட்டு ஓடிவந்து கிடைத்த இடத்தில் தங்கியிருப்பவர்களுக்கு மாவும் போர்வையும் ஏற்றிக்கொண்டு நிவாரண லாரிகள் போகின்றன. எங்கே எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று லாரிக்காரர்களுக்குத் தெரியாது. பழைய வரைபடத்தில் இருக்கும் ஊர் இப்போது அங்கே இல்லை. இப்போது இருக்கும் ஊர் வரைபடத்தில் இல்லை. அதனால் செயற்கைக்கோள் படத்தைக் கட்டம் கட்டமாக நறுக்கி இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, தெரிகிற கூரைகளின் மூலைகளில் மவுஸைத் தட்டி, இது வீடு, இது கிடங்கு, இது பள்ளிக்கூடம் என்று குறித்து அனுப்பலாம். அனுபவசாலி ஒருவர் உலகத்தின் இன்னொரு மூலையில் உட்கார்ந்து சரிபார்ப்பார். அவர் ஒத்துக்கொண்டால் கட்டம் பச்சையாகிவிடும். அந்தப் பச்சைதான் சார்லஸ் சாரின் லிஸ்ட்டில் ஏறும்.

முதல் நாள் கொஞ்சம் சிரமமாக இருந்தது. எனக்குப் பக்கத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்த ஆண்டனிராஜ் ஒரு மேகத்தைக் கல்யாண மண்டபம் என்று வரைந்து, இவ்வளவு பெரிய மண்டபத்துக்குப் பார்க்கிங் இல்லையே என்று வருத்தப்பட்டான். "தயவுசெய்து மேகங்களை வரைய வேண்டாம்" என்று பதில் வந்தது. அதை சார்லஸ் சார் வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். ஆண்டனிராஜ் அசரவில்லை. "ஏசி மண்டபம்னு நெனச்சேன் சார்," என்றான்.

எங்கள் பிரச்சினை என்னவென்றால் நாங்கள் எல்லாருமே டவுன் பிள்ளைகள். கிராமத்தை மேலே இருந்தும் பார்த்ததில்லை, பக்கவாட்டிலும் சரியாகப் பார்த்ததில்லை. வைக்கோல் போர் எது, மாட்டுக் கொட்டகை எது, களம் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் வீடு என்று போட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கணக்குப்படி அந்த நாட்டில் மாடுகளுக்கெல்லாம் மூன்று படுக்கையறை வீடு.

நாகஜோதிதான் காப்பாற்றினாள். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், கள்ளிமந்தயத்துக்காரி. அப்பா பழனிக்குமார் சின்ன வெங்காயம் போடுகிறவர். அவள் திரையைப் பார்த்த மாத்திரத்தில், "இது போரு. இது ஆட்டுப்பட்டி. இது கெணறு, இதப் போயி எவன் வீடுன்னு வரைஞ்சது? உள்ள விழுந்து சாகவா?" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் அனுப்பிய முதல் மூன்று கட்டமும் ஒரு குறைகூட இல்லாமல் பச்சையாகின. சார்லஸ் சார் பரவசமாகி, கரும்பலகையில் 'ஊரக வல்லுநர்: செல்வி நாகஜோதி' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். அதன்பிறகு யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் போனோம். அவளும் சந்தேகம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு குரலில் பதில் சொன்னாள்.

புதன்கிழமை மாலை என் கணக்கு எழுநூற்று எண்பத்தெட்டு. மவுஸைத் தட்டித் தட்டி ஆள்காட்டி விரல் வீங்கியிருந்தது. வியாழன் காலை கிடைத்த கட்டத்தைத் திறந்தேன். நடுவில் ஒரு பொட்டல். அதில் நீளநீளமாக, ஒல்லியாக, வெள்ளையும் நீலமுமாக என்னவோ வரிசை வரிசையாகக் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. எழுநூற்று எண்பத்தெட்டோடு இருநூற்றுப் பன்னிரண்டைக் கூட்டினேன். என் வாழ்நாளில் ஒரு கூட்டல் கணக்கு எனக்கு இவ்வளவு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

"ஏ ஜோதி, செத்த நேரம் இங்க வா. இது என்னன்னு பாரு. ரயில் பொட்டியா?"

அவள் எழுந்துகூட வரவில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"பட்டறைப்பா."

"என்ன பட்டறை?"

"வெங்காயப் பட்டறை. இதுகூடத் தெரியாதா? அறுத்த வெங்காயத்தக் கொட்டி வெக்கிறது. அகலம் நாலடி அஞ்சடிதான், நீளம் நம்ம இஷ்டத்துக்கு. அடியில கல்லு, சுத்திக் கம்பு, மேல தென்னங்கீத்து. இப்பெல்லாம் எங்க ஊர்ல தார்ப்பாய்தான், வெள்ளையும் நீலமும். காத்து குறுக்கால போகணும், இல்லாட்டி அழுகிப்போகும்."

"இருநூத்திப் பன்னெண்டு இருக்கே?"

"வெளைச்சல் நல்லா இருந்திருக்கும்."

அவ்வளவுதான். சார்லஸ் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "வல்லுநர் சொல்லிட்டாங்கள்ல?" என்று கரும்பலகையைக் காட்டினார்.

நான் ஒன்றை மட்டும் கவனமாக வரைந்தேன். கிடங்கு என்று போட்டேன். என்ன கிடங்கு என்று கேட்டது, உணவு என்றேன். குறிப்பு எழுதும் இடத்தில் 'வெங்காயம்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தேன். பிறகு அதைப் பிரதி எடுத்து இருநூற்றுப் பதினோரு தடவை ஒட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்துவிட்டது. சாயங்காலம் கட்டம் பச்சையானது. சரிபார்த்தவர் பெயர் மார்ட்டா. எந்த நாடு என்று தெரியாது. 'உள்ளூர் வேளாண்மை பற்றிய உங்கள் அறிவு வியக்க வைக்கிறது' என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். வெங்காயத்தை ஆம்லேட்டுக்கு வெளியே நான் கவனித்ததே கிடையாது. ஆனாலும் நன்றி என்று பதில் போட்டேன்.

ஆயிரம்.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரிக்கு வந்தால் வாசலில் ஃப்ளெக்ஸ். பத்தடி உயரம். 'போர்முனையில் நம் மாணவர்! ஆயிரம் கட்டடங்கள் கண்ட அபூர்வ இளைஞர் இனிகோ!' என்று எழுதி, என் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அந்தப் படம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது. பின்னணியில் ஒரு ஹெலிகாப்டர், இரண்டு புறா. மற்றொரு மூலையில் சார்லஸ் சார், என்னைவிடக் கொஞ்சம் பெரிதாக. முந்தின நாள் ராத்திரியே சொல்லி அடிக்க வைத்திருக்கிறார். ஆண்டனிராஜ் அதைப் பார்த்துவிட்டு, "அப்பு, செத்துப்போனவனுக்குப் போடுற மாதிரியே இருக்கு," என்றான்.

அன்று மதியம் இரண்டே முக்காலுக்கு மார்ட்டாவிடமிருந்து ஒரு செய்தி. லாரிகளின் வழித்தடத்தை முடிவு செய்பவர்கள் கேட்கச் சொன்னார்களாம். நான் அதை எங்கள் ஆய்வகத்தில் சத்தமாக வாசித்தேன்.

'உங்கள் கட்டத்தில் 212 உணவுக் கிடங்குகள் இருப்பதைப் பார்த்தோம். மிக்க மகிழ்ச்சி. ஆகவே அந்தப் பகுதியை லாரிப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். அங்கே மூன்று வாரம் கழித்துப் போனால் போதும். பட்டியல் உங்கள் நேரப்படி மாலை மூன்றரைக்கு மூடப்படும். அதற்குள் ஒரு சிறு தகவல் வேண்டும். தோராயமாக எத்தனை டன் வெங்காயம் இருக்கும்?'

எல்லாரும் கை தட்டினார்கள். நாகஜோதி தட்டவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு பட்டறைக்குப் பத்து டன்னுன்னு வெச்சாலும் ரெண்டாயிரத்து நூத்தியிருபது டன்னு," என்றாள். "ஏனப்பா இனிகோ, அம்புட்டு வெங்காயத்த ஒரே பொட்டல்ல எதுக்குக் கொட்டி வெச்சிருக்காங்க? எங்கப்பாவக் கேட்டுருவோம்."

போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டின் சத்தம். ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லு அம்மிணி."

"ஏனுங்கப்பா, ஒரு பட்டறையில எத்தன டன்னு புடிக்கும்?"

"எதுக்குக் கண்ணு?"

"ஒரு எடத்துல இருநூத்திப் பன்னெண்டு பட்டறை இருக்குதுங்கப்பா."

அவர் குரல் மாறியது. "எந்த ஊர்ல?"

"இங்க இல்லீங்க மாமா, வெளிநாடு," என்றேன் நான். பேசிப் பழக்கமில்லாதவரை மாமா என்று கூப்பிட்டுவிட்டதால் நாகஜோதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"யாருங்க தம்பி?"

"கூடப் படிக்கிறவன் மா... சார்."

"ஏனுங்க தம்பி, அந்த வெங்காயம் கேரளாவுக்கு வருமுங்களா? நம்ம சரக்கெல்லாம் அங்கதானுங்க போகுது."

"தெரியலீங்களே."

"தெரியலீங்களேன்னா எப்படிங்க? இருநூத்திப் பன்னெண்டு பட்டறை கெளம்பி வந்துச்சுன்னா நாங்க எல்லாம் மண்ணள்ளித் திங்க வேண்டியதுதானுங்க. கப்பல்ல ஏத்திட்டாங்களா? இன்னும் பட்டறையிலதான் இருக்குதுங்களா? போட்டோ இருந்தா அனுப்பு அம்மிணி, எந்த ரகம்னு பார்ப்போம்."

விண்வெளியில் இருந்து எடுத்த படத்தில் வெங்காயத்தின் ரகம் தெரியாது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நாகஜோதி திரையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினாள். நாங்கள் காத்திருந்தோம். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

"அம்மிணி."

"சொல்லுங்கப்பா."

"ஒவ்வொரு வரிசைக் கடைசியிலயும் கறுப்பா வட்டமா ஒண்ணு தெரியுதே, அது என்ன?"

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். நேற்று அதை நான் வரையக்கூட இல்லை. கணக்கில் சேராது என்று விட்டுவிட்டேன். "தண்ணித் தொட்டி மாதிரி இருக்குதுங்க," என்றேன்.

"தண்ணித் தொட்டியா? வெங்காயத்துக்குப் பக்கத்துல எவனாச்சும் தண்ணி வெப்பானா? ஈரக் காத்து பட்டாலே முளை விட்டுரும். சரி, இந்தத் தடத்தப் பாருங்க. ஒவ்வொண்ணோட தலைமாட்டுக்கும் ஒத்தையடித் தடம் போகுது. பட்டறைக்குக் கொட்டுறப்ப ஒருக்காப் போவோம், அள்ளுறப்ப ஒருக்காப் போவோம். ரெண்டு தடவை நடந்தாத் தடம் விழுகுமா? இது தெனமும் நாலஞ்சு பேரு போக வர நடந்த தடமுங்க."

நாகஜோதி என் மவுஸை வாங்கி அந்தத் தடங்களைப் பெரிதாக்கினாள்.

"அது பட்டறை இல்ல கண்ணு," என்றார் அவர். "உள்ள ஆளு இருக்காங்க. தார்ப்பாயக் கட்டிக்கிட்டுச் சனம் குடியிருக்குது."

திரையில் ஒவ்வொரு கூரையின் மேலும் நான் ஒட்டிய 'வெங்காயம்' இருந்தது.

"ஆனா அந்தக் கடைசி ஒம்போது, மேட்டு மேல தனியா இருக்குது பாருங்க," என்று அவர் தொடர்ந்தார். "தடமில்ல, தொட்டியில்ல, காத்துக்குக் குறுக்கால போட்டிருக்குது. அது பட்டறைதானுங்க. அதுல சந்தேகமே கெடையாது. ஒம்போதுதான? அது வந்தாச் சமாளிச்சுக்குவோம்." போனை வைத்துவிட்டார்.

நாகஜோதி எழுந்து போய்க் கரும்பலகையில் இருந்த தன் பெயரைக் கையாலேயே அழித்தாள். உள்ளங்கை வெள்ளையாகிவிட்டது. அதை என் சட்டையில் துடைத்துவிட்டு, "திருத்து," என்றாள்.

"மார்ட்டாகிட்ட ஒரு மெசேஜ் போட்டாப் போதாதா?"

போட்டேன். உடனே பதில் வந்தது. 'வழித்தடக்காரர்கள் வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள், என் மெசேஜை அல்ல. கட்டத்தை மறுபடி திறந்து கூரைகளை மாற்றுங்கள். திறந்தால் பச்சை நீங்கும். தவறாக ஒத்துக்கொண்டவள் நான் என்பதால் நானே மறுபடி ஒத்துக்கொள்ள விதியில்லை. இன்னொருவர் நாளையோ மறுநாளோ பார்ப்பார். மூன்றரைக்குள் மாற்றினால் லாரிப் பட்டியலுக்கு அது போதும்.'

லாரிக்குப் போதும். எனக்குப் போதாது. நாலு மணிக்கு சார்லஸ் சாரின் லிஸ்ட்டில் எழுநூற்று எண்பத்தெட்டு இருக்கும்.

அந்த நேரத்தில் சார்லஸ் சார் மூலையில் தன் கம்ப்யூட்டரில் எங்களுக்கான கேள்வித்தாளைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு மணிக்கு அப்பறம் திருத்தக்கூடாதா?"

"மூணரைக்குப் பட்டியல மூடிருவாங்க சார்."

"அப்ப இப்பவே திருத்து."

"திருத்துனாப் பச்சை போயிரும் சார். நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

ஜன்னல் வழியே பார்த்தார். அங்கிருந்து ஃப்ளெக்ஸின் முதுகு தெரிந்தது. "ஒத்துக்கிட்டது ஆயிரம் இருந்தாத்தான்னு சொல்லியிருக்கேன், அப்பு. ஒனக்கு மாத்தினா, வருகை கொறஞ்சவன் இன்னும் பதினாலு பேரு வெளிய நிக்கிறானுக. நீ செய்யப்போறது நல்ல காரியம். நல்ல காரியத்துக்கு விதி கெடையாது. வருகைப்பதிவுக்குத்தான் விதி."

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்குள் பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். நடந்தது. சுமார் இருபது விநாடி நடந்தது. மூன்று வாரத்துக்கு எத்தனை வேளைச் சாப்பாடு என்று பெருக்கிப் பார்த்தேன். நவம்பருக்கு எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தேன். கட்டத்தைத் திறந்தேன். பச்சை போய் மஞ்சளானது.

அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போனது.

எங்கள் ஆய்வகத்தின் யு.பி.எஸ். முப்பது கம்ப்யூட்டரையும் சேர்த்து ஏழு நிமிடம் தாங்கும். அது கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. மணி மூன்றாகி இரண்டு நிமிடம்.

"எல்லாரும் அணைங்கடா!" என்று நாகஜோதி கத்தினாள். "இவனுது மட்டும் ஓடட்டும்!"

"நான் இன்னும் சேமிக்கலையே," என்றான் ஆண்டனிராஜ்.

"என்னத்த வரைஞ்சிருக்க?"

"ஒரு ஸ்டேடியம்."

அவள் எட்டிப் பார்த்தாள். "அது மேகம்." சுவிட்சைத் தட்டினாள்.

ஒவ்வொரு திரையாக இருண்டது. கடைசியாக மூலையில் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் திரும்பி சார்லஸ் சாரைப் பார்த்தோம். அவர் கேள்வித்தாளைப் பார்த்தார். பத்து மதிப்பெண் கேள்வி பாதியில் நின்றது. பெருமூச்சு விட்டு, அவரும் அணைத்தார். யு.பி.எஸ். வாயை மூடியது.

பிறகு இருபத்தொன்பது பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஒரு கூரையைத் தொட வேண்டும், கிடங்கு என்பதை எடுக்க வேண்டும், தங்குமிடம் என்று போட வேண்டும், வெங்காயத்தை அழிக்க வேண்டும். ஒன்றுக்கு ஏழு விநாடி. "ஒண்ணு! ரெண்டு!" என்று கூட்டமாக எண்ணினார்கள். ஐம்பதில் விரல் மரத்துவிட்டது. ஆண்டனிராஜ் மவுஸைப் பிடுங்கிக்கொண்டான். நூற்றிருபதில் நாகஜோதி. சார்லஸ் சார் ஒரு நோட்டை எடுத்து எனக்கு விசிறினார். முதலில் எனக்கு என்று நினைத்தேன். கம்ப்யூட்டருக்குத்தான் விசிறியிருக்கிறார், சூடாகிவிடும் என்று.

"மேட்டுல இருக்குற ஒம்போதத் தொடாத!" என்று இருபத்தொன்பது பேரும் கத்தினார்கள்.

இருநூற்று மூன்றாவது கூரையை மாற்றி, தண்ணீர்த் தொட்டிகளையும் வரைந்து அனுப்பியபோது மணி மூன்று இருபத்தெட்டு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் மாற்ற வழி உண்டு என்பது எங்களுக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது.

'வந்து சேர்ந்தது,' என்று மார்ட்டா எழுதினார். 'அந்தப் பகுதி பட்டியலின் தலைக்குப் போகிறது. மீதி ஒன்பது கிடங்கு உறுதிதானா?'

'உறுதி,' என்று நாகஜோதி தட்டினாள். 'அப்பா சொன்னார்.'

நாலு மணிக்கு சார்லஸ் சார் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். என் பெயருக்கு நேராக விரலை வைத்தார். எழுநூற்று எண்பத்தெட்டு. சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "நவம்பர்," என்றார். போகிறபோது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அதை லிஸ்ட்டில் எங்கும் எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தேர்வு. எனக்கு அனுமதி இல்லாததால் வாசலில் நின்றேன். ஃப்ளெக்ஸை இன்னும் கழற்றவில்லை. ஆயிரம் என்பது அதில் அப்படியே இருந்தது. அதைப் பற்றி சார்லஸ் சாரிடம் கேட்டதற்கு, "ஃப்ளெக்ஸ் வேற, ரெக்கார்டு வேற," என்றார். நான் என் படத்தின் நிழலில்தான் நின்றேன், வெயில் அப்படி. எங்கள் இருவரில் அவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக இருந்தான். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர்கள் போகும்போது ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவர், "தம்பி, நீங்கதானா அது? பரீட்சைக்கு நேரமாயிருச்சே?" என்று அக்கறையாகக் கேட்டார். "போர்முனையில் இருந்து இப்பத்தான் வாரேன்," என்றேன். நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டரைக்கு நாகஜோதி வெளியே வந்தாள்.

"எப்படி?"

"பத்து மார்க் கேள்வி என்ன தெரியுமா? நிவாரணப் பணியில் வரைபடத்தின் பங்கை எடுத்துக்காட்டோடு விளக்குக. அதத்தான் சார் அன்னிக்குப் பாதியில அணைச்சிருக்காரு."

"எழுதினியா?"

"நாலு பக்கம். வெங்காயத்தப் பத்தி மட்டும் மூணு."

என் போன் அதிர்ந்தது. மார்ட்டா. முதல் லாரி ஐந்து நாளைக்கு முன்பே அந்தப் பொட்டலுக்குப் போய்விட்டதாம். தார்ப்பாய்க்குள் எண்ணூறு பேருக்கு மேல் இருந்தார்களாம். கைவசம் இரண்டு நாளைக்குத்தான் மாவு இருந்ததாம். கடைசியில் இப்படி: 'ஓட்டுநர் மேட்டில் இருந்த ஒன்பதையும் திறந்து பார்த்தார். வெங்காயமேதான். தோட்டக்காரர் அதை அங்கே தங்கியிருப்பவர்களுக்கே கொடுத்துவிட்டார். லாரியில் போன மாவுக்கு அதுதான் துணை. யார் அந்த அப்பா?'

நாகஜோதி அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு போனைப் போட்டாள்.

"ஏனுங்கப்பா, அந்த ஒம்போதும் பட்டறைதானாம்."

"நாந்தான் சொன்னனே. என்ன ஆச்சு அந்த வெங்காயம்? வெளிய வரலீல்ல?"

"வரலீங்கப்பா. தோட்டக்காரரு தெறந்து அந்தச் சனத்துக்கே குடுத்துட்டாராம். லாரியில வந்த மாவுக்கு அதுதான் தொட்டுக்க வெஞ்சனமாம்."

"ஒம்போது பட்டறையுமா?"

"ஒம்போதுந்தானுங்க."

பின்னால் தராசுக்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"பெரிய மனுசன்," என்றார் பழனிக்குமார். "அந்தத் தம்பி பக்கத்துல இருக்குதா? பரீட்சை எழுதுச்சா?"

"இல்லீங்க மாமா," என்றேன். "நவம்பர்."

"நவம்பர்னா நம்ம அறுவடை முடிஞ்சிருமுங்க. எழுதிட்டு வாங்க. நெசப் பட்டறை எப்படி இருக்குமுன்னு கிட்டத்துல நின்னு பாத்துக்கங்க. அப்பறம் வரையலாம்."

போனை வைத்தபிறகு நாகஜோதி என்னை முறைத்தாள்.

"அவரு ஒனக்கு மாமா இல்ல," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள். பத்தடி போய்த் திரும்பி, "வகுப்பு எட்டு நாப்பதுக்கு. நாளையில இருந்து நானே போன் பண்ணி எழுப்பறேன்," என்றாள்.

அந்தப் பாடத்துக்கு அதன்பிறகு வகுப்பே இல்லை. தேர்வே முடிந்துவிட்டது. ஆனால் அவள் மறுநாள் ஏழு மணிக்குச் சரியாகக் கூப்பிட்டாள். நானும் எழுந்துகொண்டேன்.